கவுன்டருக்குப் போகாதவன்

விமானம் தாமதம் என்று போர்டில் வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பது. பக்கத்தில் இருப்பவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடுவார்கள். நான் கால்மேல் கால் போட்டு, புத்தகத்தைப் பிரித்து, ஓடுகிறவர்களைச் சற்றே இளக்காரமாகப் பார்ப்பேன். உலகம் சுற்றியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற தோரணை. (நான் சுற்றிய உலகம் மலேசியாவும் ஜெர்மனியும். நடுவில் வளைகுடா விமான நிலையங்களின் கழிப்பறைகள்.) முக்கால் மணி நேரம் கழித்து, தோரணை தாங்காமல் எழுந்து போனால் எனக்கு முன்னால் ஒரு ஊரே நிற்கும். அடுத்த விமானத்தில் காலியாக இருந்த சீட்டெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் போயிருக்கும்.

கேட்பதற்குக் கூச்சம். அதை நிதானம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

முதன்முதலாக வெளிநாடு போனது பினாங்குக்கு, ஒரு போகிப் பண்டிகையன்று. அன்றைக்கு மட்டும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். மார்கழிப் பனியோடு பாயும் டயரும் எரிகிற புகை சேர்ந்துகொண்டால் சென்னையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று பல விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும், தயவுசெய்து கண்டதைக் கொளுத்தாதீர்கள் என்று விமான நிலையத்தார் சுற்றுவட்டார மக்களிடம் கெஞ்சுவது வழக்கமாகிவிட்டது. நான் அந்தச் சுற்றுவட்டார மக்களில் ஒருவன். வீடு பம்மலில். அன்று விடிகாலை வாசலில் இரண்டு கோரைப்பாய், ஒரு தலையணை, பிய்ந்துபோன ரெக்ஸின் பை எல்லாவற்றையும் முறைப்படி கொளுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டாக்சியில் ஏறினேன். விமான நிலையத்தில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகத் திரண்டிருந்ததைப் பார்த்தபோது, அதில் என் ரெக்ஸின் பையின் பங்கு எவ்வளவு என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தாமதம் மட்டும் என்றால் பரவாயில்லை. சென்னை–கோலாலம்பூர் ஒரு கம்பெனியில், கோலாலம்பூர்–பினாங்கு இன்னொரு கம்பெனியில் என்று தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தேன். அதில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம். அலுவலகத்தில் நாலு பேரிடம் இந்த சூட்சுமத்தை விளக்கியும் இருந்தேன். அவர்களிடம் சொல்லாத பகுதி எனக்கே தெரியாத பகுதி. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் நம்மைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் இருக்கிற பள்ளம் முழுக்க நம்முடையது. இரண்டாவது கம்பெனியின் கண்ணில், நேரத்துக்கு வராமல் வீட்டில் தூங்கிவிட்ட பயணியும் போகிப் புகையில் மாட்டிக்கொண்ட பயணியும் ஒன்றுதான். போதாக்குறைக்கு கோலாலம்பூரில் டெர்மினல் இரண்டு. இறங்கியது ஒன்றில், ஏற வேண்டியது மற்றொன்றில். நடுவில் ரயில் ஓடுகிறது என்பதை விசாரிக்காமல் கொஞ்ச நேரம் நடந்தே தேடினேன். கடைசியில் பேருந்தில் பினாங்கு போய்ச் சேர்ந்தேன். அழைத்துப்போக வந்திருந்த உறவினர்களிடம், "வழியெல்லாம் பார்த்துட்டு வரலாம்னுதான் பஸ்ல வந்தேன்" என்றேன். வழியெல்லாம் இருட்டு.

இதெல்லாம் சில்லறை. நான் மொத்தமாக ஏமாந்தது பிராங்பர்ட்டில்.

மகளுக்குப் பிரசவம். மனைவி அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. எனக்கு லீவு முடிந்ததால் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு 9.10-க்கு விமானம், வளைகுடாவில் மாறி சென்னை. பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை குத்தி உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. 9.10 என்றது 9.40 ஆயிற்று. பிறகு 10.10.

பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறதே, அந்தப் பக்கம் குடியிருப்பு. கொழும்புக்குப் போகிறார். என் கையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, உது இண்டைக்குப் போகாது."

"பத்து பத்துன்னு போட்டிருக்காங்களேக்கா."

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். விமானங்களைப் பின்தொடர்கிற செயலி. எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் வளைகுடாவில் தரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே வர ஆறு மணி நேரத்துக்கு மேல். 10.10-க்கு அதில் நான் எப்படி ஏறுவேன் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆனாலும் நான் போர்டைத்தான் நம்பினேன். அச்சடித்த மாதிரி எரிகிற எழுத்தின் மேல் எனக்கு அப்படியொரு மரியாதை. அரை மணி அரை மணியாகத் தள்ளுவது ஒரு பழைய உத்தி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரேயடியாக ஏழு மணி நேரம் என்று சொன்னால் கூட்டம் கலைந்து கவுன்டரை முற்றுகையிடும். அரை மணி என்றால் என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்தே இருப்போம்.

அக்கா அதோடு விடவில்லை. "பதினொரு மணிக்குப் பிறகு இஞ்சை பிளேன் எழும்பாது, தம்பி" என்றார். உண்மைதான். இரவு 11 முதல் காலை 5 வரை பிராங்பர்ட்டில் விமானம் ஓட்டத் தடை. 2011-இல் புதிய ஓடுபாதை திறந்தபோது, சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் தூங்க வேண்டாமா என்று நீதிமன்றம் விதித்தது. நேரம் தவறிய விமானங்களுக்கு நள்ளிரவுவரை விதிவிலக்குக் கேட்டு வாங்கலாம். ஆனால் வளைகுடாவில் நிற்கிற விமானத்துக்கு நள்ளிரவு எப்படிப் போதும்? பம்மலில் தலைக்கு மேல் விமானம் போகிற சத்தத்தில் அரைத் தூக்கம் தூங்கிப் பழகிய எனக்கு, இப்படியும் ஒரு சட்டம் இருக்க முடியும் என்பதே புதுச் செய்தி. பத்தே முக்காலுக்கு போர்டில் அந்தச் சிவப்புச் சொல் வந்தது. ரத்து. தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார்கள்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஏறிட்டீங்களா?"

"ம்... ஏறிட்டேயிருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மகள் வீடு அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். ரத்தான விஷயத்தைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை காரோடு வந்திருப்பார். மாப்பிள்ளையை அர்த்த ராத்திரியில் அலைய விடுவதா என்ற கவுரவம். அதற்குப் பிறகு போன் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் செக்-இன் பெட்டியில். ரத்த அழுத்த மாத்திரையும் அங்கேதான், சார்ஜருக்குப் பக்கத்தில், மறக்காமல் இருக்கட்டும் என்று சேர்த்து வைத்த அதே பையில்.

ஹோட்டலுக்குச் சீட்டுக் கொடுக்கிறார்கள் என்று அக்கா கிளம்பினார். "வாங்கோ தம்பி" என்று கூப்பிடவும் செய்தார். என் விசா ஒருமுறை நுழைவதற்கானது. வெளியேறும் முத்திரை விழுந்தாயிற்று. இப்போது மறுபடி ஜெர்மனிக்குள் எப்படிப் போவது? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "பொலிசிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. குத்தின சீலை வெட்டி விடுவினம். அவைக்கு இது புதுசே?" நான் தலையாட்டினேன். போகவில்லை. என் பாஸ்போர்ட்டில் ஒரு ஜெர்மானிய போலீஸ்காரர் பேனாவால் குறுக்கே கோடு போடுவதை மனக்கண்ணில் பார்த்தேன். அடுத்த முறை தூதரகத்தில் அந்தக் கோட்டைக் காட்டி என்னை விசாரிப்பதையும், நான் திக்குவதையும், பேரக்குழந்தையை வாழ்நாளெல்லாம் வீடியோவிலேயே பார்ப்பதையும் வரிசையாகப் பார்த்தேன். காலையில் விசாரித்ததில், என்னைப் போலவே ஒற்றை நுழைவு விசாக்காரர்கள் பலர் ரத்து ஆன விவரத்தைச் சொல்லி, முத்திரைமேல் கோடு வாங்கிக்கொண்டு, ஹோட்டலில் வெந்நீரில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளேயே தங்கியவர்களுக்கு மடக்குக் கட்டில் கொண்டுவந்தார்கள். கித்தான் துணி போட்ட, இரும்புக் கால் கட்டில். சிப்பந்தி வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தபோது எல்லோரும் மொய்த்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று நின்றேன். கூட்டம் குறைந்தது, கட்டிலும் தீர்ந்தது. ஒரு மெல்லிய போர்வை மட்டும் கிடைத்தது.

விமான நிலைய நாற்காலிகளில் இருக்கைக்கு இருக்கை இரும்புக் கைப்பிடி வைத்திருப்பவர் யாரோ, அவர் என்னைப் போன்ற ஆளை நேரில் பார்த்து வெறுத்தவராக இருக்க வேண்டும். முதலில் கைப்பிடிகளுக்கு அடியில் உடம்பை நுழைக்கப் பார்த்தேன். தொப்பை வரை போய் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்த நிலையில் ஒரு துப்புரவுத் தொழிலாளர் தரை துடைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைச் சுற்றி மிக நேர்த்தியாக ஒரு வளைவு போட்டுத் துடைத்துவிட்டுப் போனார். எதுவும் கேட்கவில்லை. ஜெர்மானியர்களின் இங்கிதத்தை அன்று மெச்சினேன்.

சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன் கொடுத்திருந்தார்கள். மூடப்போகிற கடையில் போய் நிற்க மனசில்லாமல் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன். மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது. அதையும் நாலு பேர் நடுவில் திறக்கக் கூச்சம். இரவு இரண்டு மணிக்கு ஒரு தூணுக்குப் பின்னால் போய் டப்பாவைத் திறந்தேன். பெருங்காயமும் நல்லெண்ணெயும் தூணைச் சுற்றிக்கொண்டு அந்தக் கூடம் முழுக்கப் போயின. மடக்குக் கட்டிலில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, என்ன அது என்று சைகையில் கேட்டார். அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. பாதி டப்பா அவருக்குப் போயிற்று. காலையில் கூப்பனை நீட்டியபோது கடைக்காரப் பெண் தேதியைச் சுட்டிக்காட்டினாள். நேற்றைய தேதி.

இனிமேல்தான் கையெழுத்து.

ஹோட்டலிலிருந்து வந்த அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தார். "தம்பி, ஏதும் கடதாசி தருவினம். உதிலை கையெழுத்து வைக்காதேங்கோ. காசாத் தரச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டாத்தான் தருவினம்." அவர் சொன்னதன் பின்னால் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி. 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதானாலும் பொருந்தும். முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தலைக்கு 600 யூரோ. குறைந்த தூரங்களுக்கு 250, 400. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இதே கணக்கு என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பனி, புயல், எரிமலை என்றால் பணம் கிடையாது. ஆனால் விமானத்தில் வருகிற சாதாரணக் கோளாறை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று 2008 தீர்ப்பு. எரிமலையே வெடித்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தாக வேண்டும். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பாவின் வான்வெளியை நாள்கணக்கில் மூடவைத்ததே, அந்த வழக்கில் 2013-இல் அப்படித்தான் முடிவாயிற்று. நஷ்டஈட்டை ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். பயணக் கூப்பனாகத் தருவதென்றால் பயணியின் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்தைத்தான் நான் போட்டேன்.

கவுன்டரில் இருந்த இளைஞர் என்னை "சார்" என்றார். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று நெஞ்சில் கைவைத்தார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. இவ்வளவு பேர் காத்திருக்கும்போது பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பது அநாகரிகம் என்று தோன்றியது. கூப்பனின் மதிப்பு 600 யூரோவில் பாதிகூட இல்லை. ஒரு வருடத்துக்குள், அதே கம்பெனியில், என் பெயரில் மட்டுமே பயன்படுத்த முடியும். பயன்படுத்தவில்லை. காலாவதியானதை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது, கனிவான மொழியில்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். என் பயண பாலிசியில் விமானத் தாமதத்துக்கும் ஒரு தொகை உண்டு. அதற்கு, இத்தனை மணி நேரம் தாமதம் என்று விமானக் கம்பெனியிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். கடிதம் இல்லாமல் வந்த விண்ணப்பங்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன், சிவப்பு மையில் குறிப்பெழுதி. பிராங்பர்ட்டில் நான் அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து அக்காவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. வங்கிக் கணக்கில் 600 யூரோ வரவு. கீழே, "தம்பி, உங்களுக்கும் வந்ததோ?" என்று கேட்டிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்துகிற பொம்மையை அனுப்பினேன். மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் ஒன்றும் திட்டவில்லை. வீட்டுக்கு வருகிற கூரியர்காரரிடம்கூட அதற்குப் பிறகு அவளே கையெழுத்துப் போடுகிறாள்.

இந்த வயிற்றெரிச்சல் என்னைப் படிப்பாளியாக்கிவிட்டது. தாமதத்துக்குத் தாமதம் ஒரு எண் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? உலக விமானக் கம்பெனிகள் காரணங்களை 00 முதல் 99 வரை எண் போட்டு வைத்திருக்கின்றன. 41 என்றால் விமானத்தில் கோளாறு. 75 என்றால் இறக்கையில் உறைந்த பனியை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். 93 என்றால் முந்தைய பயணத்திலிருந்து விமானமே இன்னும் வந்து சேரவில்லை. இந்த ஒட்டுத் தாமதம்தான் ஐரோப்பாவில் மொத்தத் தாமதத்தில் கிட்டத்தட்ட பாதி. காலையில் ஓர் ஊரில் தவறிய அரை மணி நேரம் அதே விமானத்தோடு ஊர் ஊராகப் போய் ராத்திரி நம் தலையில் வந்து இறங்குகிறது. இன்னொன்று: வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, கதவு திறந்த நேரம். இதற்கும் 2014-இல் தீர்ப்பு உண்டு.

எனக்கு மிகப் பிடித்த தாமதம் 2023 ஆகஸ்ட் 28-இல் பிரிட்டனில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பாதைத் திட்டத்தில் டி.வி.எல். என்ற குறி இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் தோவில். எந்த டி.வி.எல். என்று புரியாமல் கட்டுப்பாட்டுக் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக்கு வைத்திருந்த கணினியும் அதே திட்டத்தைப் படித்து அதே மாதிரி படுத்தது. எல்லாம் இருபது விநாடிக்குள். ஏழு லட்சம் பயணிகளுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நம் ஊர் பஸ் கண்டக்டரிடம் ஆலங்குடிக்கு டிக்கெட் கேட்டால், "குருபகவான் ஆலங்குடியா, புதுக்கோட்டை ஆலங்குடியா?" என்று கேட்டுக்கொண்டே கிழித்துக் கொடுத்துவிடுவார். கணினி, என்னைப் போலவே, கேட்காமல் உட்கார்ந்துவிட்டது.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி ஜெர்மனி. இந்த முறை ஆயத்தமாகப் போனேன். 261/2004 விதியை அச்செடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் தீட்டி, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, மாத்திரை, சார்ஜரோடு கைப்பையிலேயே வைத்தேன். சென்னையில் செக்-இன் முடிந்து உட்கார்ந்ததும் போர்டில் தாமதம் என்று வந்தது. கால்மேல் போட்ட காலை எடுத்தேன். எழுந்தேன். யாரும் எழுவதற்கு முன்னால் கவுன்டருக்கு நடந்தேன். வரிசையில் முதல் ஆள் நான்!

அந்தப் பெண் நான் நீட்டிய ஃபைலைப் பொறுமையாகப் புரட்டினாள். மஞ்சள் வரிகளையும் படித்தாள்.

"சார், இது யூரோப்ல இருந்து கிளம்பினாத்தான் பொருந்தும். இல்லைன்னா யூரோப் ஏர்லைன்ஸா இருக்கணும். நாங்க ரெண்டும் இல்லை. நீங்க திரும்பி வரும்போது யூஸ் ஆகும் சார், பத்திரமா வெச்சுக்கங்க."

அது அந்த விதியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் மஞ்சள் தீட்டியது ஏழாம் பிரிவிலிருந்து.

"சரிம்மா. நம்ம நாட்டு விதிப்படி ஏதாவது?"

"டிபன் உண்டு சார். இந்த தூரத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல லேட் ஆகும்னா தருவோம். இப்போதைக்கு ரெண்டரைன்னு சொல்லியிருக்காங்க."

உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை தாண்டியது. ரெண்டே முக்கால் ஆயிற்று. தூரத்தில் ஒரு வண்டியில் அட்டை டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொங்கல், வடை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். விமானம் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறதே என்று மனம் நொந்த ஒரே பயணி, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.